சான்றிதழ் எழுத்து: சிறுவாச்சூரில் ஓல்டு இங்கிலீஷ்

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் வழக்கமாக வாரத்தில் இரண்டு நாள்தான் திறந்திருக்கும். திங்கள், வெள்ளி. அந்த ரெண்டு நாளும் திருச்சி – சென்னை நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் திரும்பும் வண்டிகளுக்குக் கணக்கே கிடையாது. குலதெய்வம் கும்பிட வருகிற குடும்பங்கள். உள்ளே பெண்கள் உரலில் மாவு இடித்து மாவிளக்கு போட்டுக்கொண்டிருப்பார்கள். நான் வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் நின்று வேன்களின் பின்கண்ணாடியை வாசித்துக்கொண்டிருப்பேன். "கோயிலுக்கு வந்தா சாமியப் பாக்கணும், கண்ணாடியப் பாக்கக் கூடாது" என்று அம்மா திட்டுவதும் வழக்கம்தான்.

அப்படி வாசிக்கும்போது பல வருடங்களாக ஒரு விஷயம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. தமிழில் எழுதினால் ஆயிரம் விதம். உருட்டு எழுத்து, சாய்வெழுத்து, சினிமா டைட்டில் மாதிரி கீறிய எழுத்து. ஆங்கிலத்தில் எழுதினால் மட்டும் திரும்பத் திரும்ப ஒரே முகம். கனத்த, கறுத்த, முனை ஒடிந்த எழுத்து. கோடரியால் வெட்டி வைத்த மாதிரி இருக்கும். குழந்தை பெயர், அம்மா பெயர், கம்பெனி பெயர் எல்லாம் அதில்தான். ரேடியம் ஸ்டிக்கர் கடையில் இதற்கு 'ஓல்டு இங்கிலீஷ்' என்று பெயர். எங்கள் பக்கத்து டி.டி.பி. சென்டரில் இருக்கும் பையன் இதை 'சர்டிபிகேட் ஃபாண்ட்' என்கிறான். அவன் வைத்த பெயர்தான் பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏன் என்று இந்தக் கட்டுரை முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

முதலில் இந்த எழுத்து எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

ஐரோப்பாவில் அச்சு வருவதற்கு முன்பு மடாலயங்களில் துறவிகள் தோலில் எழுதினார்கள். நுனி பட்டையாக வெட்டிய இறகுப் பேனா. அதை ஒரே சாய்வில் பிடித்து இழுத்தால் செங்குத்துக் கோடு தடிப்பாகவும், மேல்நோக்கிப் போகும் இணைப்பு மயிரிழையாகவும் விழும். வளைவை ஒரே இழுப்பில் போடாமல் இரண்டு மூன்று வெட்டாக உடைத்துப் போடுவார்கள். தோல் விலை அதிகம். அதனால் எழுத்தை நெருக்கி நெருக்கி எழுதினார்கள். பக்கம் முழுக்கக் கறுப்பு நெசவு மாதிரி ஆகிவிட்டது. கறுப்பெழுத்து என்ற பெயர் இப்படித்தான். 1455 வாக்கில் குட்டன்பெர்க் 42 வரி பைபிளை அச்சடித்தபோது அந்தத் துறவிகளின் கையெழுத்தைத்தான் ஈயத்தில் வார்த்தார். அதாவது ஐரோப்பாவில் ஈய அச்சுப் புத்தகம் பிறந்ததே இந்த முகத்தோடுதான்.

இத்தாலிக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. 'கோதிக்', அதாவது காட்டுமிராண்டி எழுத்து என்று வைதார்கள். உருண்டையான ரோமன் எழுத்துக்குப் போய்விட்டார்கள். இங்கிலாந்து மெதுவாக நகர்ந்தது. 1611-இல் வந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளின் முதல் பதிப்பும் கறுப்பெழுத்துதான். ஜெர்மனி மட்டும் 'ஃப்ராக்டூர்' என்ற தன் வகையை நானூறு வருடம் விடாமல் வைத்திருந்தது. அங்கே 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், போஸ்டரும் விளம்பரமும் பெருகிய காலத்தில், ஃப்ராக்டூரை ஊதிப் பெருக்கிய ஒரு வடிவம் வந்தது. 'ஃபெட்ட ஃப்ராக்டூர்', தடித்த ஃப்ராக்டூர். 1850 வாக்கில் யோஹான் கிறிஸ்டியான் பவர் வெட்டியது என்று சொல்வார்கள். புத்தகம் வாசிக்க அல்ல, தூரத்திலிருந்து பார்க்க. இன்றைக்கும் பீர் லேபிளிலும் விடுதிப் பலகையிலும் பழமை வாசனை காட்ட அதைத்தான் தேடுகிறார்கள்.

வேன் கண்ணாடியில் இருப்பது ஜெர்மன் வகை அல்ல, ஆங்கிலேய வகை. வில்லியம் காஸ்லன் என்ற 18-ஆம் நூற்றாண்டு லண்டன் எழுத்து வார்ப்பாளரின் கறுப்பெழுத்து இதற்குத் தாத்தா. மோனோடைப் கம்பெனியின் 'ஓல்டு இங்கிலீஷ் டெக்ஸ்ட்' பேரன். அந்தப் பேரன் மைக்ரோசாப்ட் ஆபீஸ் கூடவே ஒட்டிக்கொண்டு நம் ஊர் கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்டான். யாரும் தேடிப் போய் வாங்கவில்லை. லிஸ்டில் இருந்தது, அழகாக இருந்தது, எடுத்துக்கொண்டார்கள். ரேடியம் ஸ்டிக்கர் வெட்டும் மெஷினுக்கு அதன் மயிரிழைகள் ஒத்துவராது. வெட்டிக் கிள்ளும்போது பிய்ந்து வந்துவிடும். அதனால் கோரல்டிராவில் சுற்றிலும் ஒரு வரம்பு ஏற்றித் தடிப்பாக்குகிறார்கள். 1850-இல் ஜெர்மன்காரர் போஸ்டருக்காகச் செய்ததை நம் பையன்கள் பசை பிடிப்பதற்காகச் செய்கிறார்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து முடிகிறது.

இதைச் சொன்னதும் ஒருவர் கேட்டார்: "இது நாஜி எழுத்தாச்சே, இதப் போயி வண்டில ஒட்டலாமா?" பலருக்கும் இந்த எண்ணம் இருக்கிறது. பாதி உண்மை. நாஜிகள் முதலில் ஃப்ராக்டூரைத் தூக்கிப் பிடித்தார்கள், ஜெர்மன் ரத்தத்தின் எழுத்து என்றார்கள். ஆனால் 1941 ஜனவரி 3-ஆம் தேதி மார்ட்டின் போர்மன் கையெழுத்திட்ட ஒரு சுற்றறிக்கை வந்தது. இது ஜெர்மன் எழுத்தே இல்லை, யூத எழுத்து, இனிமேல் ரோமன்தான் என்றது. அந்தச் சுற்றறிக்கைத் தாளின் தலைப்பே கறுப்பெழுத்தில்தான் அச்சாகியிருந்தது! யூத எழுத்து என்பது பச்சைப் பொய். பிடித்த நாடுகளில் இருந்தவர்களுக்கு இந்த எழுத்தை வாசிக்க முடியவில்லை என்பதுதான் உள்ளே இருந்த காரணம் என்று வரலாற்றாய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். உத்தரவு போடுகிறவன்கூட, எதிரே இருப்பவனுக்குப் புரியாவிட்டால் உத்தரவுக்கு மதிப்பில்லை என்பதைக் கண்டுகொண்டான்.

வாசிக்க முடியுமா, முடியாதா. என் கேள்வியும் அதுதான்.

கறுப்பெழுத்தின் சின்ன எழுத்துகளில் ஒரு பழைய நோய் உண்டு. ஆங்கில ஐ, என், எம், யூ நான்கும் ஒரே மாதிரி செங்குத்துக் கோடுகளால் ஆனவை. அடுத்தடுத்து வந்தால் வேலிக்கம்பு வரிசை மாதிரி ஆகிவிடும். எது எங்கே முடிகிறது என்று தெரியாது. 'மினிமம்' என்ற சொல்லை எழுதினால் பதினைந்து கம்பு நிற்கும். சின்ன ஐ-யின் தலையில் இன்றைக்கு இருக்கும் புள்ளி இந்தத் தொல்லையால் வந்ததுதான். கம்புக் கூட்டத்தில் இது நான் என்று காட்ட எழுதுகிறவர்கள் ஒரு கீற்று போட்டார்கள், அது புள்ளியாகிவிட்டது.

இங்கே நமக்கு ஒரு உறவு இருக்கிறது. ஓலையில் எழுதியவர்கள் புள்ளியை விட்டுவிட்டார்கள். எழுத்தாணியால் குத்தினால் ஓலை ஓட்டையாகும் என்று சொல்வார்கள். கமலா, கம்லா என்பதை வாசிக்கிறவரே இடம் பார்த்து அறிந்துகொள்ள வேண்டும். எகர ஏகாரத்துக்கும், ஒகர ஓகாரத்துக்கும் அதே பாடுதான். அச்சு வந்த பிறகுதான் புள்ளி மெல்ல மெல்ல வீடு திரும்பியது. குறிலையும் நெடிலையும் பிரித்துக் காட்ட இன்றைக்கு நாம் போடும் சுழியைத் தந்தவர் வீரமாமுனிவர் என்று படித்திருப்போம். அவர் வாழ்ந்த ஏலாக்குறிச்சி எங்கள் பக்கத்து அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. சிறுவாச்சூருக்கும் ஏலாக்குறிச்சிக்கும் ஒரு காலைப் பயணம்தான். இத்தாலியில் பிறந்த ஒருவர், கொள்ளிடக் கரையோரத்தில் உட்கார்ந்துகொண்டு, வாசிக்கிறவர் தடுமாறக் கூடாது என்று எழுத்தைத் திருத்தினார்.

அவரோடு சேர்த்து இன்னொரு கதையும் உண்டு. அவர் லத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சானது. அது யாருடைய அச்சுக்கூடம்? அவர் வாழ்நாள் முழுக்க வாதச்சண்டை போட்ட லுத்தரன் சபையாருடையது. அந்தச் சபையை 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு தொடங்கினார். அவர் கேட்டுக்கொண்டபடி ஜெர்மனியின் ஹாலே நகரில் தமிழ் எழுத்து வார்த்து, 1713-இல் கப்பலில் வந்து சேர்ந்தது. வந்த எழுத்தைப் பார்த்தால் பெரிதாகவும் கனமாகவும் இருந்தது. அதை வைத்துப் புதிய ஏற்பாட்டை அச்சடித்தால் தாள் கட்டுப்படியாகாது. பிறகு இங்கேயே சின்ன எழுத்தாக வார்த்துத்தான் வேலையை முடித்தார்கள். அதே ஹாலேயில், தமிழ்நாட்டைப் பற்றி இந்தச் சபையார் எழுதி அனுப்பிய கடிதங்களும் நாட்குறிப்புகளும் பத்தாண்டு பத்தாண்டாகத் தொகுதி தொகுதியாக வெளிவந்தன. அவை ஃப்ராக்டூரில் அச்சானவை. நம் காவிரிக் கரை ஊர்களும் சாதிகளும் சாமிகளும் ஐரோப்பியன் கண்ணுக்கு முதலில் போய்ச் சேர்ந்த வழிகளில் ஒன்று இந்தக் கறுப்பெழுத்து. அவர்கள் எழுத்தில் நம்மைப் பற்றி எழுதினார்கள். நமக்காக எழுதியபோது, அதைச் சின்னதாக்கி, நமக்கு வாசிக்க வசதியாக மாற்றினார்கள். பயன்பாடு எழுத்தை மாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சரி, வண்டிக்கு வருவோம். வேன் கண்ணாடியில் ஓல்டு இங்கிலீஷ் நன்றாக இருக்கிறதா? நன்றாகவே இருக்கிறது. மறைக்க மாட்டேன். ஒரே ஒரு சொல், முதல் எழுத்து மட்டும் பெரிசு, மற்றது சின்னது, வெள்ளை ரேடியத்தில், கறுப்புக் கண்ணாடி மேல். பெரிய எழுத்து கோயில் யானை மாதிரி அலங்காரத்தோடு முன்னால் போக, சின்ன எழுத்துகள் வரிசையாகப் பின்னால் போகும். அந்தச் சொல்லை யாரும் வாசிக்கத் தேவையில்லை. வண்டிக்காரருக்குத் தெரியும், அவர் வீட்டுக்குத் தெரியும், ஸ்டாண்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். தெரிந்த முகத்தைப் பார்க்கிற மாதிரிதான். நியூயார்க் டைம்ஸ், வாஷிங்டன் போஸ்ட் போன்ற பத்திரிகைகள் இன்றைக்கும் தலைப்பை மட்டும் கறுப்பெழுத்தில் வைத்திருப்பதும் இதே காரணம்தான். தலைப்பை எவரும் வாசிப்பதில்லை, அடையாளம் கண்டுகொள்கிறார்கள். கீழே செய்தி என்று வந்தால் ஒரு வரிகூட அந்த எழுத்தில் இருக்காது.

ஆக விதி சுலபம். எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த சொல்லுக்கு இந்த எழுத்து. தெரியாததைச் சொல்ல வேண்டுமென்றால் வேறு எழுத்து.

இந்த விதியைத் தலைகீழாகப் பிடித்திருக்கும் இடம் நம் சான்றிதழ்.

ஒரு சான்றிதழை எடுத்துப் பாருங்கள். மேலே 'மெரிட் சர்டிபிகேட்' என்று ஓல்டு இங்கிலீஷில் இருக்கும். அதில் குறையே இல்லை. அட்டையின் பார்டரைப் பார்த்தாலே அது சர்டிபிகேட் என்று குழந்தைக்கும் தெரியும். நடுவில் சாதா எழுத்தில் நாலு வரி. அந்த வரிகளுக்கு இடையில் பிள்ளையின் பெயர். அந்தத் தாளில் புதிய தகவல் அது ஒன்றுதான். ஆயிரம் தாளில் மாறுகிற இடமும் அது ஒன்றுதான். 'அழகாக இருக்கட்டும்' என்று அதைத்தான் திரும்பவும் ஓல்டு இங்கிலீஷில் போடுகிறார்கள். வாசிக்க மிகக் கஷ்டமான எழுத்து, கட்டாயம் வாசித்தே ஆக வேண்டிய சொல்லுக்கு.

இதோடு நம் பழக்கங்கள் இரண்டு சேர்ந்துகொள்கின்றன. ஒன்று, நம் ஊரில் பதிவேட்டுப் பெயரை முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதுவோம். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து அப்படித்தான். கறுப்பெழுத்தின் பெரிய எழுத்துகள் தனித்தனியாக நிற்பதற்காகவே வரையப்பட்டவை. ஒவ்வொன்றும் ஒரு மாப்பிள்ளை. வரிசையாகப் பத்து மாப்பிள்ளைகளை நிறுத்தினால் யார் கழுத்தில் மாலை என்று எப்படித் தெரியும்? கறுப்பெழுத்தில் முழுச் சொல்லையும் பெரிய எழுத்தில் கோக்காதே என்பது எழுத்து வேலை கற்கிற எவருக்கும் முதலில் சொல்லித்தரும் பாடம். இரண்டாவது, இனிஷியல். ஐரோப்பியப் பெயரில் பெரிய எழுத்துக்குப் பின்னால் மீதிச் சொல் வரும். எழுத்து புரியாவிட்டாலும் சொல்லை வைத்து ஊகிக்கலாம். நம் இனிஷியல் அப்படி இல்லை. ஒற்றை எழுத்து, பக்கத்தில் ஒரு புள்ளி. ஊகிக்க ஒன்றுமே கிடையாது. அப்பா பெயர் முழுக்க அந்த ஒரு எழுத்துக்குள் அடங்கியிருக்கிறது.

கறுப்பெழுத்தில் பெரிய ஐ-யும் ஜே-யும் கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைகள். ஃப்ராக்டூரில் பல காலம் இரண்டுக்கும் ஒரே அச்சுதான். ஓல்டு இங்கிலீஷில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும். தனியாக நின்றால் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் இனிஷியல் ஐ. அப்பா பெயர் 'இ'யில் தொடங்கும்.

பன்னிரண்டாவது படிக்கும்போது உயரம் தாண்டுதலில் மாவட்ட அளவில் இரண்டாவதாக வந்தேன். அதற்குக் கொடுத்த சான்றிதழில் என் பெயர் கம்ப்யூட்டரில் அடித்து, முழுக்கப் பெரிய எழுத்தில், ஓல்டு இங்கிலீஷில் இருந்தது. அப்பா கல்குவாரியில் வேலை. தமிழ் வாசிப்பார், ஆங்கில எழுத்தும் எழுத்துக்கூட்டிப் படிப்பார். அதைப் பார்த்துவிட்டு, "இதுல உம்பேரு எங்கப்பா இருக்கு?" என்று கேட்டார். விரல் வைத்துக் காட்டினேன். பிரேம் போட்டு மாட்டினார்.

கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது விளையாட்டு ஒதுக்கீட்டுக்காக அந்தச் சான்றிதழை பிரேமிலிருந்து கழற்றிக் கொண்டுபோனோம். சரிபார்த்தவர் இனிஷியல் ஜே என்று இருக்கிறது, மார்க் ஷீட்டில் ஐ என்று இருக்கிறது, திருத்தி வாங்கி வா என்றார். கொடுத்த இடத்துக்குப் போனோம். அவர்கள் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "ஐ-ன்னுதானே அடிச்சிருக்கோம், சரியாத்தான் இருக்கு" என்று திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் சொன்னதும் உண்மை. மறுபடி போனபோது தேதி முடிந்திருந்தது. அப்பாவுக்கு ரெண்டு நாள் கூலி போச்சு. எனக்கு வேறு கல்லூரியில் வேறு படிப்பு கிடைத்தது. அதில் பெரிய வருத்தம் இல்லை. ஆனால் அப்பா கடைசி வரைக்கும் அதைத் தன் தப்பு என்றே நினைத்தார். "நமக்குப் படிக்கத் தெரிஞ்சிருந்தா அன்னிக்கே பாத்துச் சொல்லியிருக்கலாம்ல" என்பார். அது யாராலும் படிக்க முடியாத எழுத்து என்று அவருக்குப் புரிய வைக்க எனக்கு அப்போது வார்த்தை இல்லை. எல்லோரும் சரியாகச் செய்து, எழுத்து மட்டும் தப்பாகத் தேர்ந்த ஒரு காரியம் அது. எவரையும் குற்றம் சொல்ல முடியாததால்தான் அவர் தன்னையே சொல்லிக்கொண்டார்.

அதனால்தான் 'சர்டிபிகேட் ஃபாண்ட்' என்று அந்தப் பையன் சொன்னபோது எனக்குச் சுருக்கென்று இருந்தது. இந்த எழுத்துக்கு நம் ஊரில் கௌரவம் எங்கிருந்து வந்தது என்பதையும் அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. பட்டச் சான்றிதழ், சர்ச் கல்வெட்டு, வெள்ளைக்காரன் காலத்துப் பத்திரம் என்று நமக்கு மேலே இருந்து வந்த தாள்களிலெல்லாம் இந்த முகம் இருந்திருக்கிறது. புரியாமல் இருப்பதே மதிப்பு என்று பழகிவிட்டோம். வேனில் ஒட்டும்போது அந்த மதிப்பை நம் பிள்ளையின் பெயருக்கு எடுத்துக்கொள்கிறோம். அது நியாயமான ஆசை. நான் அதைக் கிண்டல் செய்ய மாட்டேன். சான்றிதழில் வரும்போது அதே புரியாமை நம்மையே வெளியே நிறுத்துகிறது.

தமிழிலேயே இப்படிக் கறுப்பெழுத்து செய்தால் என்ன என்று சிலர் முயன்றதைப் பார்த்திருக்கிறேன். பேனரில், டீ-ஷர்ட்டில். ட, ப, ம போன்ற கட்டை எழுத்துகள் அந்த வெட்டைத் தாங்குகின்றன. ல, வ, ள, ஞ வந்ததும் மாட்டிக்கொள்கிறார்கள். அவற்றின் உயிரே சுழியில் இருக்கிறது. சுழியை உடைத்தால் எழுத்து ஒடிகிறது. ஒரே தடிப்பில் ஓடும் எழுத்தாணியின் பிள்ளைக்குப் பட்டை இறகின் சட்டை பொருந்தாது. வெறும் தலைப்புக்கு, ஒரு சொல்லுக்கு என்றால் செய்து பார்க்கலாம். அங்கேயும் அதே விதிதான்.

போன மாதம் அக்கா மகளின் பள்ளியில் ஆண்டு விழா. சான்றிதழ் அடிக்கிற வேலை அந்த டி.டி.பி. பையனிடம்தான் வந்திருந்தது. இருநூற்றுச் சொச்சம் பெயர். நான் போய் உட்கார்ந்து, தலைப்பு இருக்கட்டும், பெயரை மட்டும் சாதா எழுத்தில் போடு தம்பி என்றேன்.

"அழகு போயிடுமே சார்."

பட்டியலிலிருந்து ஐ இனிஷியலில் ஒரு பெயரையும், ஜே இனிஷியலில் ஒரு பெயரையும் எடுத்து, ஓல்டு இங்கிலீஷில் தனித்தனித் தாளில் அடிக்கச் சொன்னேன். பெயரை விரலால் மறைத்து இனிஷியலை மட்டும் காட்டி, இது எது, அது எது என்று கேட்டேன். ரெண்டு தாளையும் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஒன்றைச் சரியாகச் சொன்னான். மற்றதைப் பார்த்து, "இருங்க சார்" என்று திரையில் போய்ப் பெரிதாக்கிப் பார்த்தான்.

அப்புறம் ஒன்றும் பேசவில்லை. பெயர் வரி முழுவதையும் செலக்ட் பண்ணி எழுத்தை மாற்றினான். இனிஷியலுக்குப் பக்கத்தில் புள்ளி விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனான். முடிக்க ராத்திரி ஒன்பதரை ஆகிவிட்டது.